தளம் போட்ட பிறகு

2010ஆம் ஆண்டு மே மாதம் அகமதாபாத்தில் வெயில் 46.8 டிகிரி வரை ஏறியது. வழக்கமான மே மாதங்களைவிட அந்த மே மாதத்தில் 1,344 பேர் கூடுதலாக இறந்ததாக ஆய்வாளர்கள் பிற்பாடு கணக்கிட்டார்கள். அந்தப் பெரிய எண்ணுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன எண்ணும் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அதே ஊரின் ஒரு மருத்துவமனையில், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை வெப்பத்தால் உடல்நலம் கெட்டுச் சேர்க்கப்பட்ட சிசுக்கள் 24. முந்தைய ஆண்டு அதே மாதங்களில் 8. அடுத்த ஆண்டு 4.

அடுத்த ஆண்டு அவ்வளவு வெயில் இல்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. 2010 கோடைக்குப் பிறகு, மேல்மாடியில் இருந்த பிரசவ வார்டை மருத்துவமனை கீழே இறக்கிவிட்டது. வெயிலின் ஏற்ற இறக்கத்தைத் தனியே கழித்துப் பார்த்தபோதும் இந்த இடமாற்றத்தின் பலன் தெளிவாகத் தெரிந்தது. பிறந்து இரண்டு நாளான குழந்தையால் துணியை உதற முடியாது, தண்ணீர் கேட்க முடியாது. அதன் வியர்வைச் சுரப்பிகளே இன்னும் ஒழுங்காக வேலைக்கு வந்திருக்காது. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம் என்பதால், அறை சுட்டால் உடம்பும் சீக்கிரம் சுடும். குழந்தையின் உடம்பு சுட்டால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கிருமித் தொற்றுதான். தலைக்கு மேலே இருக்கும் தளத்தை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, 2003 ஆகஸ்டில் பாரிஸிலும் இதே கதைதான். பிரான்ஸ் முழுவதும் ஏறக்குறைய 15,000 பேரைக் கொண்டுபோன வெப்ப அலை அது. பாரிஸின் பழைய குடியிருப்புகள் பெரும்பாலும் துத்தநாகத் தகடு வேய்ந்தவை. படம் பிடிக்க அழகானவை. அந்தத் தகட்டுக்கு அடியில் உள்ள சின்ன அறைகள் ஒரு காலத்தில் வேலைக்காரப் பெண்களுக்காகக் கட்டப்பட்டவை. வீட்டில் வாழ்ந்துவந்து இறந்த முதியவர்களைப் பற்றி விசாரித்த ஆய்வில், நோய், நடமாட்டமின்மை போன்ற எதிர்பார்த்த காரணங்களோடு, கூரைக்கு நேர் கீழே உள்ள அறையில் படுத்திருந்ததும் ஒரு காரணமாக வந்து நின்றது. அகமதாபாத்தின் ஏழைத் தாய்மாரும் பாரிஸின் கிழவர்களும் ஒரே விஷயத்தில் ஒன்றுபட்டார்கள்: அவர்களுக்கும் சூரியனுக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு கூரை.

நம் ஊரில் அந்தக் கூரை கான்கிரீட் தளம். தளம் போடும் நாள் வீடு கட்டுபவர் வாழ்வில் ஒரு விசேஷம். விடியற்காலையிலேயே கலவை இயந்திரம் வந்துவிடும். கொத்தனார் முதல் சித்தாள் வரை எல்லோருக்கும் அன்று சாப்பாடு உண்டு. மறுநாள் மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். சென்ட்ரிங் பிரித்த பிறகு விரிசல் இருக்கிறதா, ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். சூடு எவ்வளவு இறங்கும் என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த ஐம்பது வருஷத்துக்கு அந்த அறையில் படுப்பவரின் இதயம், சிறுநீரகம், தூக்கம் மூன்றையும் தொடும் முடிவு ஒன்று அன்றைக்கு எடுக்கப்படுகிறது. எடுப்பவர் மேஸ்திரி.

சாதாரண வீட்டுத் தளம் ஐந்து அங்குலக் கனம் இருக்கும். மே மாத நண்பகலில் நிழலே இல்லாத மொட்டை மாடியின் மேற்பரப்பு 60 டிகிரியை நெருங்கும். அந்தச் சூடு உடனே கீழே வந்துவிடாது. கான்கிரீட் கனமானது, நிறைய வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், மெல்ல மெல்லத்தான் கடத்தும். மேல்பக்கம் உச்சிச் சூட்டை எட்டி மூன்று நான்கு மணி நேரம் கழித்துத்தான் அடிப்பக்கம் தன் உச்சிக்கு வரும். வெளியே வெயில் தணிந்து, கடற்காற்று புறப்பட்டு, தெருவில் ஆட்கள் நடமாடத் தொடங்கும் வேளையில் அறைக்குள் தளம் தன் வேலையை ஆரம்பிக்கிறது. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுவதுபோல, நள்ளிரவு வரை அது விடாது.

தகர ஷீட்டும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் இதற்கு நேர் எதிர். அவை மெல்லியவை. வெயில் ஏற ஏறக் கூடவே ஏறும். பொழுது சாய்ந்தால் உடனே இறங்கிவிடும். பகலில் வேலைக்குப் போய் இரவு வந்து படுப்பவருக்கு ஷீட் கூரை ஓரளவு பரவாயில்லை. பகல் முழுக்க வீட்டிலேயே இருக்கும் பாட்டிக்கும் கைக்குழந்தைக்கும் அது கொடுமை. கான்கிரீட்டில் கொடுமை இரவுக்கு மாறுகிறது. (ஆஸ்பெஸ்டாஸுக்குத் தனிக் குற்றப்பத்திரிகை உண்டு. அறுக்கும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் இழை நுரையீரலுக்குள் போனால் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக முளைக்கும். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. நாம் இன்னும் இறக்குமதி செய்து வேய்ந்துகொண்டிருக்கிறோம்.)

சுடும் தளத்தின் கீழ் உடம்புக்கு என்ன ஆகிறது? அறையின் காற்று 33 டிகிரி என்று வெப்பமானி காட்டலாம். ஆனால் உடம்பு காற்றோடு மட்டும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. சுற்றியுள்ள ஒவ்வொரு பரப்போடும் கதிர்வீச்சு வழியாக வெப்பத்தைக் கொடுத்து வாங்குகிறது. நம் தோலின் சூடு ஏறக்குறைய 34, 35 டிகிரி. மேலே உள்ள தளம் அதைவிடக் குளிர்ந்திருந்தால் நம் வெப்பம் அதற்குப் போகும். தளம் 40 டிகிரியில் இருந்தால் அது நம் மேல் வெப்பத்தைக் கொட்டும். மின்விசிறி அந்தத் தளத்தை ஒட்டி நிற்கும் சூடான காற்றை இழுத்து நேராகக் கட்டில் மேல் தள்ளுகிறது. "ஃபேன் போட்டால் அனல் அடிக்கிறது" என்று மேல்மாடிக் குடித்தனக்காரர் சொல்வது மிகையே அல்ல. அது சரியான இயற்பியல்.

இனி மிச்சம் இருக்கும் ஒரே வழி வியர்வை. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகமானால் காயாது. காற்றின் சூட்டையும் ஈரத்தையும் சேர்த்துக் காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியைத் தாண்டினால் ஆரோக்கியமான மனிதன்கூட சில மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டான் என்று 2010இல் ஷெர்வுட், ஹூபர் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். பிறகு பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளம் வயதினரை வைத்தே சோதித்துப் பார்த்தபோது, ஈரப்பதம் மிகுந்த சூழலில் அந்த எல்லை 31 டிகிரிக்கு அருகிலேயே வந்துவிட்டது. முதியவர்களுக்கு இன்னும் கீழே இருக்கும். கடலோர நகரத்தின் இரவு இந்த இடத்தில்தான் ஏமாற்றுகிறது. வறண்ட உள்நாட்டில் இரவு வானம் தெளிவாக இருக்கும். பூமி தன் வெப்பத்தை வானத்துக்கு வீசி எறிந்துவிட்டுக் குளிரும். சென்னையில் காற்றிலுள்ள நீராவி அந்த வெப்பத்தை மறித்துத் திருப்பி அனுப்புகிறது. பகல் வெயில் வேலூரில் கூடுதலாக இருக்கலாம். இரவுப் புழுக்கத்தில் கடற்கரைக்காரர்தான் முந்துவார்.

தூங்கும்போது உடம்பின் உட்சூடு ஏறக்குறைய ஒரு டிகிரி குறைய வேண்டும். அப்படிக் குறைவதே தூக்கத்தின் ஒரு பகுதி. அறை அதற்கு விடவில்லை என்றால் இதயம் இரவெல்லாம் ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பகலில் வெயிலில் நின்று உழைத்த கட்டடத் தொழிலாளிக்கு ராத்திரிதான் ஓய்வு. அந்த ஓய்வும் சுடும் தளத்தின் கீழ் என்றால் மறுநாள் காலையில் அவர் பாதி களைத்துத்தான் எழுந்திருப்பார். ரத்த அழுத்தத்துக்காக நீர் மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்கு உடம்பில் தண்ணீர் ஏற்கெனவே குறைவு. இவர்களில் யாராவது இறந்தால் சான்றிதழில் மாரடைப்பு என்றுதான் எழுதுவார்கள். அகமதாபாத்தின் 1,344 கூட எந்தச் சான்றிதழிலும் எழுதியிருந்த எண் இல்லை. முந்தைய ஆண்டு, அடுத்த ஆண்டுக் கணக்குகளோடு கழித்துப் பார்த்துக் கிடைத்தது.

இதற்கெல்லாம் கான்கிரீட்டைத் திட்டிவிட்டுக் கீற்றுக் கூரையைப் புகழ்ந்து ஒரு கட்டுரை எழுதுவது எளிது. நிறையப் பேர் எழுதுகிறார்கள். அவர்கள் 2001இல் ஏர்வாடியையும் 2004இல் கும்பகோணத்தையும் மறந்துவிடுகிறார்கள். ஏர்வாடியில் கீற்றுக் கொட்டகைக்குள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் வெந்தார்கள். கும்பகோணத்தில் பள்ளியின் கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். குடிசைப் பகுதியில் வளர்ந்த எவரைக் கேட்டாலும் ஒரு தீ விபத்தின் கதை இருக்கும். கீற்றை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மழை பெய்தால் பாத்திரம் வைக்க வேண்டும், பாம்பும் எலியும் குடிவரும். தளம் போட்ட வீடு என்பது அந்த பயங்கள் எல்லாம் ஒரே நாளில் தீர்ந்துபோவது. அதை விரும்பியவர்களுக்கு அறிவுரை சொல்லும் தகுதி குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எழுதுபவருக்குக் கிடையாது.

கீற்றுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே நமக்கு இன்னொரு கூரையும் இருந்தது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்றும் பார்க்கலாம். மர உத்தரங்களின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்தவைத்துச் சாய்வாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கனமாகப் போட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் தெளித்து நாள்கணக்கில் கட்டையால் தட்டிக் கெட்டிப்படுத்தி, கடைசியாகத் தட்டோடு பதிப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று அதற்குப் பெயரே உண்டு. பல அடுக்குகள், அடுக்குகளுக்குள் நுண்ணிய காற்றறைகள், அறையின் உயரமோ பன்னிரண்டு அடிக்கு மேல். சூடு இறங்கி வர நெடுநேரம் ஆகும். கலவையில் இருந்த சுண்ணாம்புக்கு இன்னொரு குணமும் உண்டு. சூளையில் சுடும்போது இழந்த கரியமில வாயுவில் பெரும்பகுதியைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கித்தான் அது இறுகும்.

ஆனால் அந்த உத்தரங்கள் எங்கிருந்து வந்தன? வசதியானவர்களின் வீடுகளுக்கு பர்மாத் தேக்கு. நம் தாத்தாக்களின் குளிர்ந்த முற்றங்களுக்காக ஐராவதி நதிக்கரையின் காடுகள் வெட்டப்பட்டன. உலகத்தைத் தொடாமல் கட்டிய வீடு என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. எங்கே தொடுகிறது என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியது.

இன்றைய தளம் தொடும் இடங்களில் ஒன்று அரியலூர். அங்குள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் இறங்கினால் சுவரெங்கும் சிப்பிகள். கல்லங்குறிச்சிப் பக்கத்துப் படிவங்கள் சுமார் 7 கோடி ஆண்டுகள் பழையவை. டைனோசர்கள் திரிந்த காலத்தில் அங்கே கடல் இருந்தது. கடலில் கரைந்திருந்த கரியமில வாயுவைக் கொண்டு சிப்பிகள் தங்கள் ஓட்டைக் கட்டின, செத்துப் படிந்தன, கல்லாயின. சிமென்ட் ஆலை அந்தக் கல்லை 1,450 டிகிரி சூட்டில் களிமண்ணோடு சேர்த்துச் சுடுகிறது. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். எரிபொருளிலிருந்து வரும் புகை தனி. சூளையைச் சூரிய ஒளியிலேயே சூடாக்கினாலும் கல்லுக்குள் இருந்த அந்த வாயு வெளியேறத்தான் செய்யும். சிமென்ட்டால் வரும் மாசில் பாதிக்கு மேல் இந்த வேதியியலால் வருவது. அதனால்தான் மின்சாரத்தைச் சுத்தமாக்குவதைவிட சிமென்ட்டைச் சுத்தமாக்குவது கடினமாக இருக்கிறது. உலகம் ஆண்டுக்கு ஏறக்குறைய 400 கோடி டன் சிமென்ட் செய்கிறது. மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் இந்த ஒரு பொருளால் வருகிறது.

கணக்கை ஒரு வீட்டுக்குச் சுருக்கலாம். 300 சதுர அடித் தளத்தை ஐந்து அங்குலக் கனத்தில் போட்டால் 125 கன அடி கான்கிரீட். அதற்கு இருபத்தைந்து முப்பது மூட்டை சிமென்ட் ஆகும். காற்றில் கலக்கும் கரியமில வாயு ஒரு டன் அளவில் இருக்கும். ஒரு குடும்பத்துக்கு ஐம்பது வருஷத்துக்குக் கூரை தர ஒரு டன் என்பது பெரிய பாவம் இல்லை. எனக்கு உறுத்துவது தளத்துக்குப் பின்னால் வருவது. சுடும் தளம் போட்ட வீட்டுக்காரர் நாலு காசு சேர்ந்ததும் முதலில் வாங்குவது ஏசி. ஐம்பது வருஷத்தில் அந்த ஏசி தின்னும் மின்சாரத்தோடு ஒப்பிட்டால் தளத்தின் ஒரு டன் சிறுத்துப்போகும்.

ஏசி வெப்பத்தை அழிப்பதில்லை. உள்ளிருந்து எடுத்து வெளியே விடுகிறது. தன் மோட்டாரின் சூட்டையும் சேர்த்தே விடுகிறது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் செய்த கணிப்பில், ஏசிகள் கக்கும் வெப்பத்தால் மட்டும் சில பகுதிகளில் இரவுக் காற்று ஒரு டிகிரிக்கு மேல் சூடாவதாகத் தெரிந்தது. நம் ஊர்ச் சந்துகளில் ஒரு வீட்டு ஏசியின் வெளிப்பெட்டி எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்து நிற்பது சாதாரணம். எதிர்வீட்டில் ஏசி இல்லை என்றால் அவர்கள் இரண்டு வீட்டுச் சூட்டையும் அனுபவிக்கிறார்கள். உலகத்தில் 160 கோடியாக இருந்த ஏசிகள் 2050க்குள் 560 கோடி ஆகும் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2018இல் மதிப்பிட்டது. ஏசிக்குள் இருக்கும் வாயு இன்னொரு தலைவலி. ஓசோன் படலத்தைக் காப்பாற்றப் பழைய வாயுக்களைக் கைவிட்டு மாற்று வாயுக்களுக்குப் போனோம்; அவற்றில் ஒன்றான ஆர்-410ஏ கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 2,000 மடங்கு பூமியைச் சூடாக்குவது. இப்படிப்பட்ட வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் ருவாண்டாவின் கிகாலியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. அது முழுமையாக நிறைவேறினால் இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் அரை டிகிரி வரை வெப்பமேற்றத்தைத் தவிர்க்கலாம். இந்தியா தன் குறைப்பை 2032இல் தொடங்க வேண்டும். ஆனாலும் முதியவருக்கு, கர்ப்பிணிக்கு, நோயாளிக்கு வெப்ப அலையின்போது ஏசி உயிர் காக்கும் கருவிதான். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஏசி ஓட வேண்டிய மணி நேரத்தைக் குறைப்பது வேறு விஷயம். அது கூரையின் கையில் இருக்கிறது.

மொட்டை மாடியை விட்டு இறங்கும் முன், அங்கே மூலையில் நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாய்ந்த ஓட்டுக் கூரையில் தொட்டி வைக்க முடியாது. தட்டையான தளம் வந்த பிறகுதான் வீட்டுக்கு வீடு மேல்நிலைத் தொட்டி வந்தது. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் அது இல்லாமல் வாழவும் முடியாது. அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி என்ற கொசுவுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. மலேரியாவைப் பரப்பும் கொசுக்களில் பெரும்பாலானவை கிராமத்துக் கொசுக்கள். வயல், ஓடை, குட்டை என்று தேடும். ஸ்டீபன்சி நகரத்துக் கொசு. சுத்தமான தண்ணீர் நிற்கும் கிணறும் தொட்டியும் போதும். சென்னையில் மலேரியா பல பத்தாண்டுகள் ஆட்டிவைத்ததற்கு மூடி சரியாகப் பொருந்தாத தொட்டிகளுக்கும் பாழ்கிணறுகளுக்கும் பெரும்பங்கு உண்டு. மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர் மாடிப்படி ஏறி வந்து தொட்டியைத் திறந்து பார்ப்பது அதற்காகத்தான். கதவைத் திறக்க மாட்டேன் என்று அவர்களைத் திருப்பி அனுப்பும் வீட்டுக்காரர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

தெற்காசியாவிலும் அரேபியத் தீபகற்பத்திலும் இருந்த அந்தக் கொசு 2012இல் செங்கடலைத் தாண்டி ஜிபூட்டி துறைமுகத்தில் தென்பட்டது. அந்த ஆண்டு அந்தச் சின்ன நாட்டில் மலேரியா நோயாளிகள் வெறும் 27 பேர்; நோய் ஏறக்குறைய ஒழிந்தே போயிருந்தது. 2020இல் அந்த எண்ணிக்கை 73,000ஐத் தாண்டியது. பிறகு எத்தியோப்பியா, சூடான், சோமாலியா, நைஜீரியா என்று அந்தக் கொசு போய்க்கொண்டே இருக்கிறது. இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று பெற்றது. அதே ஆண்டு முடிவதற்குள் மன்னாரில் ஸ்டீபன்சியின் புழுக்கள் கிடைத்தன. வேகமாகக் கட்டடம் எழும்பும் ஆப்பிரிக்க நகரங்கள் பலவற்றிலும் தண்ணீரை இப்படித்தான் சேமிக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் மலேரியா இத்தனை காலமும் பெரும்பாலும் கிராமத்து நோயாக இருந்தது. கொசுவலையும் மருந்து தெளிப்பும் அதற்கேற்பவே வகுக்கப்பட்டன. வீட்டின் வடிவம் மாறினால் நோயின் முகவரியும் மாறும்.

மீண்டும் சூட்டுக்கு வருவோம். அதைத் தணிக்கும் வழி புதிதல்ல. வெள்ளை. சாம்பல் நிறக் கான்கிரீட் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை உள்ளே வாங்கிக்கொள்கிறது. புதிதாக வெள்ளை அடித்த தளம் ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். தென்மாவட்டங்களில் கோடைக்கு முன் மாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பது பழைய வழக்கம். வெள்ளைப் பீங்கான் ஓடு, பிரதிபலிக்கும் பெயின்ட் என்று இப்போது வகைகள் கூடிவிட்டன. சூரிய மின்தகடு வைத்தால் மின்சாரத்தோடு நிழலும் கிடைக்கும். நிழலைப் பற்றி விற்பவர்கள் பேசுவதில்லை. மாடியில் கீற்றுப் பந்தல் போடுபவர்களும் உண்டு. விரட்டியடித்த பழைய கூரையைப் புதிய கூரையின் தலையிலேயே ஏற்றி உட்கார வைப்பது அது. சூட்டுக்கு நல்லது, தீக்கு ஆபத்து என்பதில் மட்டும் மாற்றமில்லை.

அகமதாபாத் 2013இல் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது. ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை அடிப்பதைப் பிறகு அதில் சேர்த்தது. தெலங்கானா 2023இல் இதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. இதில் சுவாரசியமானது, பெயின்ட்டை மருந்தைப்போலவே சோதித்துப் பார்க்கும் ஆய்வுகள் நடப்பது. புதிய மாத்திரையைச் சோதிப்பவர்கள் பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுப்பார்கள். அதுபோலச் சில வீடுகளுக்குப் பூசி, சில வீடுகளை அப்படியே விட்டு, இரு சாராரின் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் தூக்கத்தையும் அளக்கிறார்கள். பர்கினா ஃபாசோவில் தகரக் கூரை வீடுகளுக்குள் 1.7 டிகிரி வரை குறைந்தது. இதயத் துடிப்பும் தணிந்தது. 1.7 டிகிரி என்று கேட்டால் "இவ்வளவுதானா" என்று தோன்றும். அகமதாபாத் சிசுக்களின் கணக்கில், 42 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் வெப்பத்தால் சேர்க்கப்பட்டவர்கள் 43 சதவீதம் கூடினார்கள்.

வெள்ளைக்கும் குறை உண்டு. தூசி படிந்தால், பாசி பிடித்தால் பிரதிபலிப்பு சட்டென்று குறையும். வருஷா வருஷம் கழுவ வேண்டும், சில வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். யார் செய்வது என்பதில்தான் காரியம் கெடுகிறது. கூரை வீட்டுக்காரருடையது, கரண்ட் பில் குடித்தனக்காரருடையது. அடுக்குமாடியில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது, சூடு மட்டும் மேல்தளத்துக்காரருக்கு. ஒழுகினால் சங்கக் கூட்டத்தில் பணம் ஒதுக்குவார்கள், ஏனென்றால் சுவரில் கறை தெரியும். சூடு கறை வைப்பதில்லை.

விதியில் இதற்கு ஓர் எண் இருக்கிறது. மத்திய அரசு 2018இல் குடியிருப்புகளுக்காக வெளியிட்ட எரிசக்தி விதித் தொகுப்பில், கூரை எவ்வளவு வெப்பத்தைக் கடத்தலாம் என்பதற்கு 1.2 வாட் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. ஒரு சதுர மீட்டருக்கு, உள்ளுக்கும் வெளிக்கும் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் உரிய கணக்கு அது. மேலே எதுவும் போடாத வெறும் கான்கிரீட் தளம் அதைப்போல இரண்டரை, மூன்று மடங்கு கடத்தும். தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உண்டு. அதே அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 2030க்குள் 8 லட்சம் குடிசைகள் கான்கிரீட் வீடுகளாக வேண்டும். வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். குறைந்தது 360 சதுர அடி, அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம். எல்லாவற்றையும் சேர்த்தால் 24 கோடி சதுர அடிக் கூரை, ஏறக்குறைய 22 சதுர கிலோமீட்டர். இந்தக் கூரைகளுக்கு அடியில் படுக்கப்போவது ஏசி வாங்க முடியாத மக்கள். தளத்துக்கு மேல் வெள்ளை ஓடு பதிப்பதா, பூச்சா, அடியில் வெப்பத்தடுப்புப் பலகையா என்பதை மதிப்பீட்டுத் தாளில் ஒரு வரியாக எழுதி, தளம் போட்ட அதே கொத்தனாரிடம் அதே மாதத்தில் செய்து வாங்கிவிடுவதுதான் மலிவு. வீட்டை ஒப்படைத்த பிறகு அந்தக் குடும்பம் தன் காசில் செய்துகொள்ளும் என்று விட்டால், முதல் இரண்டு மூன்று கோடைகளிலாவது அது நடக்காது.